ஜெசிந்தாவின் தூக்குச்சட்டி

உட்காருங்க அண்ணாச்சி, உட்காருங்க. சட்டியைப் பார்த்து யோசிக்காதீங்க. உள்ளே ஒன்றும் கிடையாது, காலிச் சட்டி. வாசனை வருகிறதென்றால் அது எவர்சில்வருக்குள்ளேயே ஊறிப்போன வாசனை, அதற்கு நான் என்ன செய்ய? வேணும்னா ஜன்னலைத் திறந்துக்கிடுங்க. எனக்கு வருத்தமில்லை. ஜன்னலைத் திறக்கிறவர்களைப் பற்றி இன்றைக்கு நிறையக் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

திருச்செந்தூர்தானே? நானும் அங்கேதான். அங்கே இறங்கி ஆலந்தலைக்கு மினி பஸ். ஆக, இந்த வண்டி போய்ச் சேருகிற வரைக்கும் நீங்கள் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள். தூங்குகிற மாதிரி கண்ணை மூடினாலும் விடமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தொம்மை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தொம்மை பண்டாரி என்று கேட்டுப் பாருங்கள். பண்டாரி என்றால் தோணியில் சமைக்கிறவன். தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற தோணி இல்லை, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போகிற மரக்கப்பல். அதில் தண்டல் என்று ஒருவன் இருப்பான், கப்பலுக்குத் தலைவன். ஆனால் தண்டல் பேச்சைக் காற்று கேட்காது. என் பேச்சைக் கேட்கும். சிரிக்கிறீர்கள். கேளுங்கள்.

ஒரு தடவை மாலத்தீவுக்குப் போகிற வழியில் காற்று செத்துப்போச்சு. கப்பல் பாய், துவைத்துக் காயப்போட்ட சாரக் கைலி மாதிரித் தொங்குகிறது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது. ஆளாளுக்குச் செபமாலையை உருட்டுகிறார்கள். நான் மாசிக் கருவாட்டை இடித்து, உள்ளியும் வத்தலும் போட்டு, தேங்காய் எண்ணெயில் ஒரு வதக்கு வதக்கினேன். மூடியைத் திறந்தேன் பாருங்கள், வடக்கே இருந்து ஒரு காற்று. என்ன வாசனை இது என்று மோந்து பார்க்க வந்த காற்று. பாய் விம்மிச்சு. தண்டல் கத்துகிறான், "ஏ தொம்மை, மூடியப் போட்டுராதலே." சட்டி தீய்கிறது, அப்படியும் நான் மூடியைப் போடவில்லை. திறந்த சட்டியோடேயே மாலே துறைமுகத்தில் போய் நின்றோம். சுங்கத்து அதிகாரி கப்பலில் ஏறினவன் சரக்கைப் பார்க்கவில்லை. நேரே அடுப்பங்கரைக்கு வந்தான்.

நம்பவில்லை என்றால் போங்கள். என் மகள் நம்புவாள். சின்னப் பிள்ளையில் இந்தக் கதையைச் சொன்னால்தான் வாயைத் திறப்பாள், ஒரு கவளம் உள்ளே போகும்.

ஜெசிந்தா அவள் பெயர். எனக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவள். கூட்டிக்கொண்டு போனால் பேத்தியா என்பார்கள், ஆமா என்று சொல்லிவிடுவேன், அவள் என் கையைக் கிள்ளுவாள். பிளஸ் டூ முடிக்கிற வருசம் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். நான் அப்போது கொழும்புத் துறையில் நிற்கிறேன். வந்து மண் போடக்கூட முடியவில்லை. அதற்கப்புறம் கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். அத்தனை மாலுமிக்குப் பொங்கிப் போட்ட கை, இனிமேல் ஒரே ஒரு பிள்ளைக்குப் பொங்கட்டும் என்று.

அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். கெமிஸ்ட்ரி. எங்கள் தெருவில் கெமிஸ்ட்ரி படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். விடியுமுன் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினால், வீடு திரும்ப இருட்டிவிடும். "ஹாஸ்டல்ல சேத்துவிடுங்கப்பா, பஸ்ஸுல கெறக்கமா வருது" என்று கேட்டாள்தான். கேட்டாள். நான்தான், தொம்மை பண்டாரி மகள் ஹாஸ்டல் தண்ணிச் சாம்பாரைத் தின்கிறதா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். என் கை வாகு அப்படி. அதை விட்டுவிட்டு அங்கே போய் ஏன் சாக வேண்டும், சொல்லுங்கள்.

இதுதான் அவள் சட்டி. கொழும்பில் வாங்கினது. ரெண்டு அடுக்கு. கீழே சோறு, மேலே குழம்பும் கூட்டும். இந்தப் பக்கத்துக் கொக்கியை மட்டும் நான் மாற்றினேன். நெத்திலிக் குழம்பு, ஊளி மீன் பொரியல், மாசிச் சம்பல், முருங்கைக்கீரையில் கருவாடு. மூடியைத் திறந்தால் அந்தக் கட்டிடமே திரும்பிப் பார்த்திருக்கும் அண்ணாச்சி.

சாயங்காலம் சட்டி எப்படித் திரும்பி வரும் தெரியுமா? குளிப்பாட்டித் துடைத்த பிள்ளை மாதிரி வரும். ஒரு பருக்கை இருக்காது. ஒரு முள் இருக்காது. கழுவியே கொண்டுவருவாள். "சாப்ட்டியா மக்கா?" என்பேன். "சாப்ட்டேம்ப்பா." "நல்லாருந்துச்சா?" "நல்லாருந்துச்சுப்பா." ராத்திரி ரெண்டு வாய் தின்பாள், தட்டு மேலேயே கண் சொருகும். மதியம் வயிறு முட்டத் தின்ற பிள்ளைக்கு ராத்திரி எப்படிப் பசிக்கும் என்று நானும் எழுப்ப மாட்டேன்.

அந்த வருசம் காலேஜுக்கு ரத்தம் பார்க்கிறவர்கள் வந்தார்களாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்கள். இவளுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. எனக்கு நம்பிக்கையில்லை. அந்த மிஷின் சரியில்லை என்றேன். என் சாப்பாட்டைத் தின்கிற உடம்பில் ரத்தம் கம்மி என்றால் வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் துறைமுகத்தில் சிரிப்பார்கள்.

சரி, ஊற வைக்கிறேன் பார் என்று இறங்கினேன். ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், கேள்விப்பட்டிருப்பீர்கள், ரத்தம் ஊற அதைவிட வேறு கிடையாது. திருச்செந்தூர்க் கறிக்கடைக்காரன் எனக்கென்றே எடுத்து வைப்பான். மிளகைத் தட்டிப்போட்டு வறுத்து மேல் அடுக்கில். கீழே சோற்றுக்குள் ஈரல். இண்டு இடுக்கில் கருவாட்டுப் பொடி. ரத்தம் கம்மியாகக் கம்மியாகச் சட்டியில் கூட்டிக்கொண்டே போனேன். சட்டி மட்டும் அதே மாதிரி சுத்தமாகத் திரும்பி வருகிறது. பிள்ளை வாடிக்கொண்டே போகிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. மாடியேறினால் மூச்சு வாங்குகிறது.

எனக்குப் பொறி தட்டியது. கெமிஸ்ட்ரி. அந்தப் புகை. குழாய்க்குள்ளிருந்து மஞ்சளாகவும் பச்சையாகவும் வருமே, அதுதான் பிள்ளை ரத்தத்தைக் குடிக்கிறது. நேரே காலேஜுக்குப் போய்விட்டேன். பெரிய வாத்தியாரம்மாவிடம், "அம்மா, எம் மகள அந்தப் புகைப் பக்கமா நிறுத்தாதீங்க, ஜன்னல் ஓரமா நிறுத்துங்க" என்றேன். அவங்க நல்ல அம்மா, சிரிக்கவில்லை. "பிள்ளை மதியம் ஒழுங்கா சாப்பிடுதாளா ஐயா?" என்று கேட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். யாரிடம் வந்து என்ன கேள்வி? சுங்கத்து அதிகாரி கதையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே வந்தால் ஒரு நாய். செவலை. கன்றுக்குட்டி கனம் இருக்கும். உடம்பு எண்ணெய் தடவினது போல மின்னுகிறது. அது எங்கிருந்தோ ஓடி வந்தது பாருங்கள், சொந்தக்காரனைக் கண்ட மாதிரி. முன்னங்காலைத் தூக்கி என் மேல் போட்டு, என் விரலை ஒவ்வொன்றாக நக்குகிறது. வாலை ஆட்டுகிற ஆட்டில் பின்பக்கம் முழுவதும் ஆடுகிறது. காவல்காரன், "யாரு கிட்டயும் போகாத நாய் பெரியவரே, இது என்ன அதிசயம்" என்றான்.

அவனுக்குத் தெரியாது. எங்கள் தோணியில் ஒரு செவலை நாய் இருந்தது. புயலில் கடலில் விழுந்துவிட்டது. செத்துப்போச்சு என்று விட்டுவிட்டோம். மறுநாள் நான் அடுப்பு மூட்டுகிறேன், குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே நீந்தி வந்து கயிற்றைக் கவ்வுகிறது. அந்த வம்சம்தான் இது என்று காவல்காரனிடம் சொன்னேன். அவனும் ஆமா என்றான்.

திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா நிற்கிறாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது. "நீங்க எதுக்குப்பா இங்க வந்திய? போங்கப்பா" என்றாள். பிள்ளைகளுக்கு அப்பன் காலேஜுக்கு வந்தால் வெட்கம்தானே. நானும் வந்துவிட்டேன். நாய் கேட் வரைக்கும் கூடவே வந்தது.

நாங்கள் வேதக்காரர்கள் அண்ணாச்சி. விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். மற்ற வருசம் கறியை மட்டும் நிறுத்துவோம், மீன் ஓடும். அந்த வருசம் ஜெசிந்தா, "எனக்கு நாப்பது நாளும் கவிச்சியே வேண்டாம்ப்பா, நேர்ச்சை" என்றாள். நேர்ச்சையைத் தடுத்தால் பாவம். நோயாளிக்குச் சமைக்கிற மாதிரிச் சமைத்தேன். பருப்புச் சோறு, எலுமிச்சைச் சோறு, வாழைக்காய், தயிர். அதெல்லாம் ஒரு சாப்பாடா? மூடியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

ஆனால் பாருங்கள், ஆண்டவர் கிருபை. பிள்ளை தேறுகிறாள். கன்னத்தில் ஒரு பூசினாப்பல. சாயங்காலம் வந்தால் பேசுகிறாள். கோமதி இப்படிச் சொன்னா, கோமதி அப்படிச் சொன்னா, மூடியில எல்லாரும் குழம்ப ஊத்தி மாத்தி மாத்திச் சாப்ட்டோம் என்று. அதுவரைக்கும் அவளுக்குச் சிநேகிதம் என்று ஒருத்தி இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் சட்டியில் ஒரு ஓரம் சோறு மிச்சம் வந்தது. எனக்குப் பயமாகிப் போச்சு. என்னம்மா என்றால், "பேசிட்டே சாப்ட்டதுல மறந்துட்டேம்ப்பா" என்று சிரிக்கிறாள். மிச்சம் வைத்துச் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஈஸ்டர் பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிறோம். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "யப்பா, இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்பிடியே சுத்தமா இருக்கேம்ப்பா." நான் சொன்னேன், "ஏன், கன்னியாஸ்திரி மடத்துல சேரப் போறியா?" பிடித்திருந்த கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். இந்த மாதிரி வேடிக்கையாகப் பேசுவது என் சுபாவம். திங்கட்கிழமை, நாற்பது நாள் பாக்கியையும் சேர்த்து, சுவரொட்டியும் ஈரலும் மாசியுமாகச் சட்டியைக் கொக்கி போட முடியாத அளவுக்கு அடைத்துக் கொடுத்தேன்.

பரீட்சைக்குக் கொஞ்சம் முந்தி, பஸ் படியில் ஏறினவள் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டாள். ரத்தம் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குச் சுவரொட்டி வறுத்துக் கொண்டுபோனேன். அதைச் சாப்பிட்டாள் பாருங்கள் அண்ணாச்சி, அந்த மாதிரி ஒருத்தர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, காரமா மக்கா என்றால் இல்லை என்று தலையாட்டுகிறாள், கை நிற்கவில்லை. என் சமையல் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் காலேஜுக்கு இனிமேல் போகவில்லை என்றுவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லச் சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. திருப்பூரில் என் தங்கச்சி இருக்கிறாள், அவளோடு போய்விட்டாள். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வேலை விட்டதும் தினம் போன் போடுவாள். "சாப்ட்டியா மக்கா?" "சாப்ட்டேம்ப்பா." அவ்வளவுதான் பேச்சு.

என்ன, செய்துங்கநல்லூர் தாண்டியாச்சா? பரவாயில்லை, இன்னும் இருக்கிறது.

போன மாசம் ஒரு பிள்ளை ஆலந்தலைக்கே வந்து நின்றாள். "ஐயா, நான் கோமதி, ஜெசிந்தாகூடப் படிச்சவ" என்றாள். காலேஜில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்களாம். காலேஜுக்குள்ளே பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறதா, யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளின் சாப்பாட்டுச் சட்டியெல்லாம் வேண்டும் என்றாள். ஜெசிந்தாவிடம் போனில் கேட்டுவிட்டாளாம், சரி என்று சொன்னாளாம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே? நல்ல சாப்பாடு என்று கண்காட்சி வைத்தால் தொம்மை பண்டாரி சட்டி இல்லாமல் எப்படி? தேய்த்து விளக்கி, காலியாகக் கொடுக்கக்கூடாதென்று மாசிச் சம்பல் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெசிந்தா போனில், "நீங்க போகாண்டாம்ப்பா. சட்டிய கோமதி கொண்டுவந்து தருவா. வெயிலு" என்றாள். வெயில் எனக்கு என்ன புதுசா? கடலில் நிழலுக்கு எங்கே போனேன்? இன்றைக்குக் கடைசி நாள். ஒரு டப்பாவில் நெத்திலித் தொக்கும் சோறும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமென்று, காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல கண்காட்சிதான். குறை சொல்ல முடியாது. வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகளைக் கோத்துச் சேலை மாதிரித் தைத்து ஒரு பொம்மைக்குக் கட்டியிருந்தார்கள். மின்னுகிறது, கல்யாணப் பட்டு தோற்றுப்போகும். ஒரு சுவரில் காலேஜின் படம். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் பப்ஸ் கடைக்குச் சிவப்பு நூல் ஓடுகிறது, சிலந்தி வலை மாதிரி. கேட்டுக்கு வெளியே இருக்கிற பழவண்டிக்கு ஒரே ஒரு பச்சை நூல். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே பட்டுத் துணி மேல் ஒரு வாழைப்பழம், விளக்கெல்லாம் போட்டு. புனிதர் எலும்பை இப்படித்தான் வைப்பார்கள். நான் சிலுவை போட்டுக் கும்பிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன், "தாத்தா, அது கலை" என்றான். "கனிஞ்சிருச்சுடே, இன்னைக்குத் தின்னலன்னா நாளைக்கு ஈதான் திங்கும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஒரு கூட்டமே என் பின்னால் வந்தது. சுங்கத்து அதிகாரி கதை சொன்னேன், காற்றுக் கதை சொன்னேன்.

உள்ளே கடைசி அறை. கூரையிலிருந்து கம்பி கட்டிச் சட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் டப்பா, தூக்கு, எல்லாம் முக உயரத்தில். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சின்ன ஓவியம், அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டது என்று. ஒன்றில் சாப்பாட்டுக் கூடம், வட்டமாகப் பிள்ளைகள். ஒன்றில் பஸ்ஸின் கடைசி சீட்டு. நம் சட்டியைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு மூலையில் தொங்குகிறது. என் கொக்கி. கூட வந்த பிள்ளைகளிடம், "இதுதான்டே எம் மக சட்டி" என்று சத்தமாகச் சொல்லித் திறந்தேன்.

உள்ளே ஏதோ கட்டிடத்தின் பின்பக்கத்துப் படி. தண்ணீர்த் தொட்டி. படியில் ஒரு பெண் பிள்ளை, முதுகு மட்டும்தான் தெரிகிறது. ரெட்டைப் பின்னல். முதுகை வைத்தே எனக்குத் தெரியும். அவள் முன்னால் தரையில் இந்தச் சட்டி. சட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு செவலை நாய். பிள்ளையின் கை நாயின் கழுத்தில் இருக்கிறது.

கூட வந்த பிள்ளைகள் ஒருத்தர் ஒருத்தராக நகர்ந்துவிட்டார்கள். நான், "நல்ல காத்தோட்டமான இடமாப் பாத்து உக்காந்திருக்கா" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

கோமதி வந்தாள். "ஐயா, நீங்க வர மாட்டியன்னுல்லா சொன்னா. நீங்க பாக்காம இருந்தாப் போதும்னு சொல்லித்தான் வரையச் சம்மதிச்சா" என்று அழுகிறாள். அவள் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன், நான் ஒன்றும் சேர்க்கவில்லை. கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து, மூடியில் அவரவர் குழம்பை ஊற்றிப் பகிர்ந்துகொள்வார்களாம். முதல் நாள் ஜெசிந்தா திறந்ததும் ஒருத்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாளாம். இன்னொருத்தி பையிலிருந்து சென்ட் பாட்டிலை எடுத்து அவள் தலைக்கு மேலே பீய்ச்சினாளாம். இவள் மூடியை யாரும் வாங்கவில்லை. மறுநாளிலிருந்து பின்பக்கத்துப் படிக்குப் போய்விட்டாள். அங்கேயும் தின்ன முடியவில்லையாம். விரலில் வாசனை நிற்கும், மத்தியானம் லேப்பில் பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளி நிற்பார்கள் என்று, கையே வைக்காமல் நாய்க்குச் சாய்த்துவிட்டு, சட்டியைக் கழுவி மூடிவிடுவாளாம்.

"வேற ஏதாவது செஞ்சு தரச் சொல்லேன்டின்னு ஒரு நாள் சொன்னேன் ஐயா. எங்கப்பா கடல விட்டுட்டு எனக்காகச் சமைக்காங்க, வேண்டாம்னு எப்பிடிச் சொல்லன்னு கேட்டா. தவக்காலத்துல மட்டுந்தான் எங்ககூட வந்து உக்காந்தா." அப்புறம், "மொத மொத மூக்கப் பொத்துனது நான்தான் ஐயா" என்றாள்.

அதுவும் ஒரு பிள்ளைதானே அண்ணாச்சி. அழுகிற பிள்ளை. "அழாத மக்கா, மாலத்தீவுல ஒரு தீவே மூக்கப் பொத்திட்டு ஓடியிருக்கு என் கருவாட்டுக்கு. பின்னால திரும்பி வந்து தட்ட நீட்டுனாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கதை பாதியில் மறந்துபோச்சு. எனக்குக் கதை மறப்பது கிடையாது.

அவள் சொன்னது முழுசாகச் சரியாக இருக்காது, பாத்துக்கிடுங்க. பிள்ளைகள் ஓவியத்துக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். நானும் கதை சொல்கிறவன்தானே, எனக்குத் தெரியாதா. படத்தை நன்றாகப் பார்த்தால், அவள் தின்றது போக மிச்சத்தைத்தான் நாய் தின்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது. பாதியாவது தின்றிருப்பாள். கால்வாசி.

கோமதி ஓவியத் தாளை உருவிக்கொண்டு சட்டியைத் தந்தாள், வாங்கிக்கொண்டு அந்தப் படியைத் தேடிப் போனேன். கலையரங்கத்தின் பின்பக்கம். உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவர் மறைக்கிறது. காற்று இல்லை. ஒரு சொட்டுக் காற்று இல்லை அண்ணாச்சி.

நாய் வந்தது. நான்தான் அடையாளம் கண்டேன், அது என்னைக் காண முந்தி. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். தோல் தொங்குகிறது. தூரத்திலேயே நின்று பார்த்தது. டப்பாவைத் திறந்தேன். வாசனை போனதுதான் தாமதம், பின்பக்கம் முழுவதும் ஆட ஆட ஓடி வந்தது. நேரே என்னிடம் வரவில்லை. என்னைச் சுற்றி, எனக்குப் பின்னால், படிக்கு மேலே, கதவுப் பக்கம் எல்லாம் போய்த் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டுபோன அவ்வளவையும் இந்தச் சட்டியில்தான் போட்டு வைத்தேன். அது தின்கிற வரைக்கும் கழுத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் எங்கள் தோணி நாய் வம்சம் கிடையாது. சாதாரண நாய். கழுவக்கூட வேண்டியிருக்கவில்லை, நக்கியே பளபளவென்று ஆக்கிவிட்டது. இந்தச் சட்டி இப்படித்தான் வீட்டுக்கு வரும். மூடிகூடப் போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி என் கஷ்டம் என்னவென்றால், குரும்பூர் வரும்போது அவள் கூப்பிடுவாள். வேலை விடுகிற நேரம். போனியளா என்று கேட்பாள். என்ன சொல்ல? போகவில்லை என்றால் அத்தோடு முடிந்தது, அவள் நினைத்த மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டும். போனேன், உன் சட்டியை மந்திரி வந்து திறந்தார், வாசனையில் மயங்கி விழுந்தார் என்று ஒன்று கட்டலாம். எத்தனை கதை கட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை நாளும் "சாப்ட்டேம்ப்பா" என்று அவள் எனக்குக் கட்டினாளே ஒரு கதை, அதற்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று எனக்கு வரமாட்டேன் என்கிறது. நாலு வார்த்தைகூட இல்லை அது. நான் நம்பினேன் அண்ணாச்சி. கதை சொல்கிறவனே நம்பிவிட்டான்.

இந்தா, அடிக்கிறது. சொன்னேன் இல்லையா. இந்தச் சட்டியை ஒரு நிமிஷம் பிடிங்க அண்ணாச்சி.

ஆங், மக்கா. சொல்லு. வேல விட்டாச்சா? ... நான் பஸ்ஸுல வாறேன். ... போனேன். ... இல்ல, வெயிலெல்லாம் இல்ல. ... சட்டியா? எங்கிட்டதான் இருக்கு. ... ம். ... கோமதியப் பாத்தேன். நல்ல பிள்ள. ... ஒண்ணும் சொல்லல, என்னத்தச் சொல்லப் போறா? ... மக்கா. ஒண்ணு கேக்கணும். அந்த நாய்க்கு நீ என்ன பேரு வச்சிருந்த? கூப்பிடத் தெரியாம சும்மாவே பாத்துட்டு இருந்தேன். ... மக்கா? ... ஏ ஜெசிந்தா?

பேச மாட்டேங்கா அண்ணாச்சி. போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறது. இருக்கட்டும், நான் இப்படியே வைத்திருக்கிறேன். அவள் சொல்லுவாள்.

நீங்க அந்த மூடியப் போட்டுராதீங்க. அப்படியே பிடிச்சிருங்க.